61 நாள் பூட்டு. 304 நாள் திறந்த வீடா?

சித்திரை பிறந்துவிட்டால் சென்னை மீன் கடைகளில் இந்தப் பேச்சு தவறாமல் காதில் விழும்.

"என்னக்கா, போன வாரம் ஒரு விலை சொன்னே, இந்த வாரம் ஒரு விலை சொல்றே?"

"போட்டு எல்லாம் கட்டிட்டாங்கண்ணே. வர்ற மீனு கொஞ்சம். நான் இன்னா பண்றது?"

வாங்க வந்தவர் முணுமுணுப்பார். ஒரு கிலோ கேட்டவர் அரைக் கிலோவோடு நிறுத்திக் கொள்வார். இன்னொருவர் பையை மடக்கிக்கொண்டு முட்டைக் கடைக்குப் போவார். மீன்காரம்மா மீது கோபம். அரசாங்கத்தின் மீது கோபம். ஆனால் கடலில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். இது குப்பத்துச் சமாசாரம் மட்டும் அல்ல. ஆபீசு முடிந்து ரயில் ஏறி வீட்டுக்குப் போகிறவரின் சாப்பாட்டுத் தட்டில் வந்து முடிகிற சமாசாரம்.

யாருக்குத் தடை?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். தமிழ்நாட்டில் 2001-ம் ஆண்டு இது தொடங்கியபோது 45 நாட்கள்தான். மே 29-ந் தேதியோடு முடிந்துவிடும். 2017 முதல் 61 நாட்கள் ஆயிற்று.

தமிழ்ப் புத்தாண்டுக்கு மறுநாள் காசிமேட்டுக்குப் போனால் தெரியும். விசைப்படகுகள் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஏலக் கூச்சல் அடங்கிப் போயிருக்கும். ஐஸ் வண்டிகளின் ஓட்டம் குறைந்திருக்கும். வலை பிரித்துப் போட்டு ஓட்டை தைப்பார்கள். படகைக் கரையேற்றிச் சுரண்டி வர்ணம் அடிப்பார்கள். இஞ்சினைக் கழற்றிப் பழுது பார்ப்பார்கள்.

'கடலே மூடிவிட்டார்கள்' என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

விசைப்படகுக்கும் இழுவலைப் படகுக்கும்தான் தடை. கட்டுமரம் போகலாம். நாட்டுப்படகு போகலாம். கரையோரத்தில் வலை விட்டு வரும் பைபர் படகும் போகும். ஆகவே இந்த இரண்டு மாதம் நகரத்துக்குக் கிடைக்கும் உள்ளூர் மீன் எல்லாம் இந்தச் சின்னப் படகுக்காரர்கள் கொண்டு வருவதுதான். எண்ணூர், காசிமேடு, நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம், ஊரூர் குப்பம், திருவான்மியூர், நீலாங்கரை, கோவளம் என்று கரை நெடுக இருக்கும் குப்பங்களின் உழைப்பு அது.

மீதியெல்லாம் வெளியூர் மீன். ஆந்திரா, ஒடிசாவிலும் இதே 61 நாள்தான் தடை. அதனால் மேற்குக் கரையிலிருந்து, கேரளாவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும், லாரியில் ஐஸ் போட்டு வர வேண்டும். அங்கே மத்திய அரசின் தடை தொடங்குவது ஜூன் 1. முடிவது ஜூலை 31. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஜூன் 1 முதல் 14 வரை இரண்டு பக்கமும் தடை! ஜூன் முதல் இரண்டு வாரத்தில் மீன் விலை ஏன் கையைக் கடிக்கிறது என்பதற்கு வேறு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

கரையோரக் கடல்

கோடைத் தொடக்கத்தில் கரையோரக் கடலுக்கென்று ஒரு கடிகாரம் உண்டு. அந்தக் கடிகாரத்தை ஓட்டுவது காற்று.

இரவு முழுவதும் தரை குளிர்கிறது. விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். பாய்மரக் காலத்தில் கட்டுமரத்தை உள்ளே தள்ளிக்கொண்டு போனது அந்தக் காற்றுதான். பகலில் தரை கொதிக்கிறது. நண்பகல் வாக்கில் கடலிலிருந்து கரையை நோக்கிக் காற்று திரும்பும். கரைக்கு இழுத்து வந்தது அந்தக் காற்று. இன்று இஞ்சின் வந்துவிட்டது. ஆனாலும் கடிகாரம் மாறவில்லை. கடல்காற்று ஏறிவிட்டால் தண்ணீர் குதிக்கத் தொடங்கும். சின்னப் படகை அலையில் ஏற்றிக் கரை சேர்ப்பது சிரமம். அதனால்தான் இருட்டோடு போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடப் பார்க்கிறார்கள்.

சென்னைவாசிக்கு அந்தப் பகல் காற்று சொர்க்கம். மத்தியானம் ஒரு மணிக்கு ஜன்னல் வழியாகக் கடல்காற்று வந்தால் "அப்பாடா" என்று சட்டைப் பொத்தானைத் தளர்த்துகிறார். அதே காற்று மீனவருக்கு 'போதும், கரைக்குப் போ' என்கிற மணி.

மே கடைசியிலும் ஜூனிலும் மேற்குக் காற்று பலமாக வீசத் தொடங்கும். கடல்காற்று தாமதமாக வரும். சில நாள் வராமலே போகும். ஊருக்குள் அனல். கடலில் வேறு ஆபத்து. கரையிலிருந்து உள்ளே தள்ளும் காற்று அது. இஞ்சின் நின்றுபோன சின்னப் படகு நினைத்த இடத்தில் நிற்காது. இழுத்துக்கொண்டு போய்விடும்.

காற்றைப் போலவே நீரோட்டமும் மாறுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து தெற்கே ஓடும் தண்ணீர், இந்த மாதங்களில் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. வலையை எங்கே இறக்கினால் எங்கே போய் நிற்கும் என்கிற கணக்கே தலைகீழாகும். தண்ணீரின் நிறம், ஓட்டத்தின் வேகம், காற்றின் திசை மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் வலை இறக்குகிறார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தராத பாடம் இது. அப்பன் பிள்ளைக்குச் சொல்லி, பிள்ளை தன் பிள்ளைக்குச் சொல்லி வருகிறது.

இத்தனைக்கும் கிடைப்பது என்ன? கிழங்கா, மடவை, காரப்பொடி, நெத்திலி, கவலை, கானாங்கத்தை. அதிர்ஷ்டம் இருந்தால் சங்கராவோ பாறையோ நண்டோ வலையில் ஏறும். வஞ்சிரமும் வவ்வாலும் எப்போதாவது. சில நாள் சொறிமீன் கூட்டம் வந்து வலையை அடைத்துக்கொள்ளும். கை அரிக்க அரிக்க அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, வெறும் படகோடு திரும்புகிறவர்களும் உண்டு.

ஆழ்கடல்

கரையோரத்தைத் தாண்டி உள்ளே போனால் கதை வேறு.

சித்திரை, வைகாசியில் வங்கக் கடலின் மேல்தண்ணீர் சுண்டிப் போகிறது. 30 டிகிரியைத் தொடும். தாண்டவும் செய்யும். கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என்று பெரிய ஆறுகள் எல்லாம் இந்தக் கடலில்தான் விழுகின்றன. உப்புக் குறைந்த அந்தத் தண்ணீரும், வெயிலில் சூடான தண்ணீரும் லேசானவை. மேலேயே மிதக்கும். அடியில் குளிர்ந்த, சத்துள்ள தண்ணீர் கிடக்கும். இரண்டும் கலப்பதில்லை. பால் ஆடை படிந்த மாதிரி ஒரு மூடி. மூடி இருக்கும்வரை அடிச்சத்து மேலே வராது. மீன் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகாது.

பிறகு என்ன ஆகிறது? தென்மேற்குக் காற்று பலம் பிடிக்கிறது. கரையோர மேல்தண்ணீரை உள்கடலுக்குத் தள்ளுகிறது. காலி இடத்தை நிரப்ப அடித்தண்ணீர் மேலே வருகிறது. வெளியே வெயில் வாட்டும்போது, மெரினாவில் கால் நனைக்கிறவருக்குச் சில நாள் தண்ணீர் 'ஜில்' என்று இருப்பது இதனால்தான். அந்தக் குளிர்ந்த தண்ணீரோடு சத்து வருகிறது. சத்தோடு நுண்ணுயிர் வருகிறது. அதைத் தேடி மீன் வருகிறது.

அதாவது, தடை முடிந்து விசைப்படகு கடலுக்குள் போகும் நேரத்தில் கடல் பந்தி விரிக்கத் தொடங்கியிருக்கிறது. இரண்டு மாதம் வலை விழாமல் இருந்த மீன், கொஞ்சமாவது வளர்ந்து அங்கே காத்திருக்கிறது. முட்டை வைக்கும் மீனுக்கும் இறாலுக்கும் தொந்தரவு இல்லாமல் இரண்டு மாதம் கிடைக்கிறது. தடைக்காலத்தின் நியாயம் இதுதான். விவசாயி விதை நெல்லைக் குத்தித் தின்ன மாட்டான். மீனவனும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

புயல் கணக்கும் இதில் உண்டு. ஏப்ரல், மே மாதங்கள் வங்கக் கடலில் புயல் மாதங்கள். 2010 மே மாதத்தில் 'லைலா', 2016 மே மாதத்தில் 'ரோனு', 2019-ல் 'பானி', 2020-ல் 'ஆம்பன்'. சூடான தண்ணீர்தான் புயலுக்குத் தீனி. நாள் கணக்கில் கரை காணாமல் ஓடும் பெரிய படகுகள் அந்த நேரத்தில் துறைமுகத்தில் கட்டிக் கிடப்பது மீனுக்கு மட்டுமல்ல, மனுஷனுக்கும் நல்லதுதான்.

காற்று இல்லாமல் வரும் அலை

கோடையில் இன்னொரு விருந்தாளி உண்டு. சொல்லாமல் வருவான். வானம் தெளிவாக இருக்கும். இலை அசையாது. ஆனால் அலை மட்டும் திடீரென்று கரைமேல் ஏறும். தெற்கே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், பெருங்கடலில் அடித்த புயல் எழுப்பிய அலை அது. நாள் கணக்கில் ஓடி வந்து இங்கே மோதுகிறது. கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் இதற்குக் 'கள்ளக்கடல்' என்று பெயர். திருடன் மாதிரி வருவதால் அந்தப் பெயர்.

2024 மே மாதத் தொடக்கத்தில் இப்படி வந்த அலையில்தான் கன்னியாகுமரி மாவட்டத்தில் கடற்கரைக்கு வந்த மருத்துவ மாணவ மாணவியர் ஐந்து பேர் உயிர் இழந்தார்கள். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. கரையில் நின்றவர்கள் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

பள்ளி விடுமுறை என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பீச்சுக்குப் போகிறவர்கள் ஒன்றைச் செய்யலாம். அன்று குப்பத்தார் படகு இறக்கியிருக்கிறார்களா என்று பார்க்கலாம். பட்டப்பகலில் படகுகளை எல்லாம் மேட்டுக்கு இழுத்துப் போட்டிருந்தால், அலையில் இறங்காமல் மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதே புத்தி.

ஒரு நாளைக்கு 131 ரூபாய்

தடை நல்லது. சரி. அந்த நல்லதுக்கு விலை கொடுப்பது யார்?

விசைப்படகில் போகும் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. மீன் வந்தால் பங்கு. கடலுக்குப் போனால் படி. படகு கட்டிக் கிடந்தால் இரண்டும் இல்லை. வீட்டு வாடகை நிற்காது. ஜூன் மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும். புத்தகம், சீருடை, பேருந்து. தடைக்காலம் முடிவதும் பள்ளிக்கூடம் திறப்பதும் ஒரே மாதம்!

அரசு நிவாரணம் கொடுக்கிறது. மீனவக் குடும்பத்துக்குத் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2023 ஆகஸ்டு மாதம் அறிவிக்கப்பட்டது. முன்பு கொடுத்ததைவிட இது அதிகம். மறுக்க முடியாது. ஆனால் 61 நாளுக்கு வகுத்துப் பார்க்க வேண்டும். நாளைக்கு 131 ரூபாய். நான்கு பேர் உள்ள வீட்டில் தலைக்கு 33 ரூபாய் கூட வரவில்லை. ஓட்டலில் ஒரு டிபனும் காபியும் என்ன விலை என்று குமாஸ்தாவுக்குத் தெரியும்.

தொகையை விடப் பெரிய விஷயம், அது கைக்கு வரும் நாள். தடை தொடங்கி வாரங்கள் ஓடிய பிறகு பணம் வந்தால், அது அரிசிக் கடைக்குப் போகாது. வட்டிக்காரர் கைக்குப் போகும். பசிக்கும்போது சோறு போட வேண்டும்.

படகில் ஏறுகிறவர் மட்டும்தான் மீன் தொழிலாளியா? ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து தெருத் தெருவாக விற்கும் அம்மா இருக்கிறார். ஐஸ் உடைக்கிறவர் இருக்கிறார். பெட்டி தூக்குகிறவர் இருக்கிறார். மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர், அருவாமனையோடு உட்கார்ந்து மீன் வெட்டித் தருகிறவர் என்று துறைமுகத்தை நம்பிய கைகள் எத்தனையோ. படகு நின்றால் இவர்கள் எல்லோரும் நிற்கிறார்கள். மீனவர் என்ற அட்டை கையில் இல்லாதவருக்கு நிவாரணமும் இல்லை.

கோட்டைத் தாண்டும் வலை

இப்போது முக்கியமான கேள்விக்கு வர வேண்டும்.

61 நாள் நோன்பு இருந்தாகிவிட்டது. மீதி 304 நாள்?

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது 1983-ல். கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர் வரை, சின்னப் படகுக்காரர்களுக்கு என்று ஒதுக்கியது அந்தச் சட்டம். அந்தக் கோட்டுக்குள் விசைப்படகு வலை போடக் கூடாது. தேதிக்கு ஒரு கோடு ஏப்ரல் 15. தூரத்துக்கு ஒரு கோடு 3 கடல் மைல். தேதிக் கோட்டை எல்லோரும் மதிக்கிறார்கள். கட்டிக் கிடக்கும் படகு கண்ணுக்குத் தெரியும். ஆனால் தூரக் கோடு தண்ணீரில் போட்ட கோடு. யாரும் பார்க்காத ராத்திரியில் அது அழிந்துவிடுகிறது.

கரையோரத்தில் விட்டிருந்த வலையை இழுவலைப் படகு அறுத்துக்கொண்டு போய்விட்டது என்ற புகார் புதிதல்ல. வலை போனால் அந்தக் குடும்பத்தின் மூலதனமே போயிற்று. இரட்டை மடி கூடாது என்று விதி உண்டு. வலைக் கண்ணின் அளவுக்கும் விதி உண்டு. விதிகள் இருந்தும் குஞ்சு மீன் டன் கணக்கில் கரைக்கு வருகிறது. மனிதன் தின்ன முடியாத அந்தக் குஞ்சுகள் எங்கே போகின்றன? உலர்த்தி அரைத்துக் கோழித் தீவனமாகப் போகின்றன. வளர்ந்தால் ஒரு குடும்பம் குழம்பு வைக்கும் மீன், வளராமலே மாவாகிறது.

2025 ஜனவரியில் சென்னைக் கரையெங்கும் கடல் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. முட்டை வைக்கக் கரைக்கு வந்த ஆமைகள். காற்று வாங்க மேலே வர முடியாமல் வலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்தவை என்று காரணம் சொல்லப்பட்டது. அது தடைக்காலம் அல்ல. மீதி 304 நாளில் ஒரு மாதம். கரையோரத்தில் என்ன நடக்கிறது என்பதை அந்த ஆமைகள் செத்துக் காட்டின.

எல்லா மீனும் ஒரே மாதத்தில் முட்டை வைப்பதில்லை. இதை விஞ்ஞானிகளும் சொல்கிறார்கள், மீனவர்களும் சொல்கிறார்கள். வெப்பக் கடல் மீன்களில் பல, வருஷத்தில் பல மாதம் முட்டை வைக்கின்றன. 'தடை மாதத்தை மாற்று' என்று சில மீனவர் தரப்புகள் கேட்பதற்கும் இதுவே காரணம். மாதத்தை மாற்றுவதா வேண்டாமா என்பதைப் பேசித் தீர்க்கலாம். ஆனால் எந்த மாதத்தைப் பூட்டினாலும், மீதி மாதங்களில் வீடு திறந்து கிடந்தால் பூட்டினால் என்ன பயன்?

கழிமுகமும் தொட்டில்தான்

இறால் கடலில் முட்டை வைக்கிறது. குஞ்சுகள் அலையோடு வந்து கழிமுகத்துக்குள் நுழைகின்றன. கலங்கிய தண்ணீரில், சேற்றில், செடி மறைவில் வளர்கின்றன. கொஞ்சம் பெரிதானதும் மறுபடி கடலுக்குப் போகின்றன. மடவை, கொடுவா போன்ற மீன்களின் குஞ்சுகளுக்கும் கழிமுகம்தான் தொட்டில். பழவேற்காடு, எண்ணூர், அடையாறு எல்லாம் அப்படிப்பட்ட தொட்டில்கள்.

கோடையில் ஆற்றில் தண்ணீர் வற்றும். அலை மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைக்கும். கதவு மூடிவிட்டால் குஞ்சு உள்ளே வர முடியாது. உள்ளே இருப்பது வெளியே போக முடியாது. தூர் வாரி வழி விட வேண்டிய காலம் இதுதான்.

சாக்கடையும் ஆலைக் கழிவும் வேறு. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகு கறுத்தது. வலை கறுத்தது. மீனவர் கையால் எண்ணெயை அள்ளிய படங்களை ஊரே பார்த்தது. பெரிய படகை 61 நாள் கட்டிப் போட்டு மீனைக் காப்பாற்றுகிறவர்கள், அதே மீனின் தொட்டிலில் எண்ணெய் கொட்டினால் என்ன தண்டனை என்பதையும் சொல்ல வேண்டும். ஏழைத் தொழிலாளிக்கு ஒரு சட்டம், புகைபோக்கி வைத்தவருக்கு ஒரு சட்டமா?

வாங்குகிறவர் கையில் இருப்பது

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. மீன் கூடைக்கு முன்னால் நிற்கிறவர் கையிலும் கொஞ்சம் இருக்கிறது.

இந்த இரண்டு மாதமும் 'வஞ்சிரம்தான் வேண்டும், வவ்வால்தான் வேண்டும்' என்று அடம் பிடித்தால் விலை தலைக்கு மேல்தான் போகும். அன்று காலையில் பக்கத்துக் குப்பத்தில் என்ன வந்ததோ அதைக் கேட்டு வாங்கலாம். கவலையும் கானாங்கத்தையும் சத்தில் எந்த மீனுக்கும் குறைந்தவை அல்ல. காரப்பொடிக் குழம்பின் ருசி தெரிந்தவர் வஞ்சிரத்தைத் தேட மாட்டார். அந்தக் காசு நேராகக் கட்டுமரக்காரர் வீட்டுக்குப் போகும்.

முழங்கை நீளம்கூட இல்லாத வஞ்சிரக் குஞ்சை 'சின்னது, மலிவு' என்று வாங்கக் கூடாது. அது இன்னும் ஒருமுறைகூட முட்டை வைக்காத மீன். வாங்க ஆள் இருப்பதால்தான் அது வலைக்கு வருகிறது. குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைந்த மீனைப் பிடிக்கவே கூடாது என்று கேரளா 2015-லேயே சில மீன்களுக்கு விதி கொண்டு வந்துவிட்டது.

வெளியூர் மீன் நாள் கணக்கில் பயணம் செய்து வருகிறது. 2018-ல் மீனில் பார்மலின் கலக்கிறார்கள் என்று கேரளாவிலும் சென்னையிலும் எழுந்த பீதி பலருக்கு நினைவிருக்கும். பிணம் கெடாமல் இருக்கப் போடும் மருந்து அது. சாப்பிடும் பொருளில் போடக் கூடாது என்பது சட்டம். பீதி தேவையில்லை. கண் போதும், விரல் போதும். மீனின் கண் தெளிவாக, புடைத்து இருக்க வேண்டும். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை திரும்ப எழும்ப வேண்டும். ஈயே மொய்க்காத, வாடையே இல்லாத 'சுத்தமான' மீனைக் கண்டால் சந்தேகம் கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, நிவாரணப் பணம் தடை தொடங்குமுன் கைக்கு வர வேண்டும். தேதி திடீரென்று வருவதல்ல. வருஷா வருஷம் அதே ஏப்ரல் 15. பிறகு தாமதத்துக்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

இரண்டாவது, மீன் விற்கும் பெண்கள், ஐஸ் உடைப்பவர், சுமை தூக்குபவர், மீன் வெட்டுபவர் எல்லோரையும் கணக்கெடுத்து அவர்களுக்கும் ஒரு தொகை கொடுக்க வேண்டும். விலை ஏற ஏற நிவாரணமும் ஏற வேண்டும்.

மூன்றாவது, 3 கடல் மைல் கோட்டுக்குள் காவல் வேண்டும், வருஷம் முழுவதும். அத்துமீறும் படகுக்கு அபராதம் மட்டும் போதாது. அறுந்த வலைக்கு நஷ்ட ஈடும் அந்தப் படகின் உரிமையாளரிடமிருந்தே வாங்கித் தர வேண்டும்.

நான்காவது, குஞ்சு மீனைக் கடலில் தேடிப் பிடிக்க முடியாது. ஏலக் கூடத்தில் பிடிக்கலாம். தீவன ஆலை வாசலில் பிடிக்கலாம். அங்கே ஒரு தராசும் ஓர் அளவுகோலும் போதும்.

ஐந்தாவது, அலை எச்சரிக்கை ஆபீசு மேசையில் தூங்கக் கூடாது. குப்பத்து ஒலிபெருக்கியிலும் பீச்சில் நிற்கும் போலீஸ்காரர் வாயிலும் அது வர வேண்டும்.

ஆறாவது, கோடை முடியுமுன் முகத்துவாரங்களைத் திறந்து விட வேண்டும்.

இவற்றில் எதுவும் வானத்தை வில்லாக வளைக்கும் காரியம் அல்ல. சட்டப் புத்தகத்தில் இருப்பதைச் செய்தால் பாதி முடிந்துவிடும்.

61 நாள் படகைக் கட்டச் சொன்னார்கள். தொழிலாளி வயிற்றைக் கட்டிக்கொண்டு கட்டினான். தன் பங்கை அவன் செலுத்திவிட்டான். 304 நாள் கடலைக் காக்க வேண்டியவர்கள் தங்கள் பங்கை எப்போது செலுத்தப் போகிறார்கள்?